யார் பக்கத்தில் யார்

என் வேனில் ஏறுகிறவர்கள் எல்லாரும் ஜன்னலோரத்துக்கு அடித்துக்கொள்வார்கள். வலைக் கடை பாய் மட்டும் ஏறாமல் கதவருகே நிற்பார். ஏறி உட்கார்ந்தவர்களை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு இறங்கச் சொல்வார்.

"நீ முன்னால வா. அவங்க பின்னால போகட்டும். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இந்தப் புள்ளைங்க உட்காரட்டும்."

"ஏன் மச்சான், நாங்க என்ன கடிச்சுக்கவா போறோம்?"

"போறப்ப கடிச்சுக்க மாட்டீங்க. வர்றப்பத்தான்."

ஒருதடவை கூத்தாநல்லூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். அன்று அவர் கடையிலிருந்து வரத் தாமதமாகிவிட்டது. அவரவர் இஷ்டத்துக்கு உட்கார்ந்துவிட்டார்கள். அவருடைய தம்பிமார் மனைவிகள் இருவரும் பக்கத்துப் பக்கத்தில். நல்ல பெண்கள். தனித்தனியே பார்த்தால் இருவரிடமும் ஒரு குறை சொல்ல முடியாது. போலகம் பக்கம் வருவதற்குள் யார் வீட்டு இடியாப்பம் மெத்தென்று இருக்கும் என்று ஆரம்பித்து, யார் அப்பன் வீட்டில் என்ன போட்டார்கள் என்பதுவரை போய்விட்டது. அவர் என் தோளைத் தட்டினார்.

"தம்பி, ஓரமா நிறுத்து."

எல்லாரையும் வயலோரம் இறக்கி, இடம் மாற்றி, மறுபடி ஏற்றினார். யாரையும் திட்டவில்லை. வண்டி கிளம்பியதும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அவ குத்தமும் இல்ல, இவ குத்தமும் இல்ல. பக்கத்துல உட்கார்ந்த குத்தம்."

இதை அவர் வாயிலிருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

பிள்ளைகளே, நீங்கள் பார்த்தது அவருடைய கடைசிக் காலத்தை மட்டும்தான். கோவில்பத்தில் நாம் முன்பு குடியிருந்த தெருவில், பச்சைக் கேட் போட்ட வீட்டு வாசலில், வெறும் நாற்காலியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த பாய் என்றுதான் உங்களுக்கு அவரைத் தெரியும். சின்னவள் ஒருநாள் அழுதுகொண்டே ஓடி வந்தாள். அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்திருக்கிறாள். "எந்திரி, அவரு மடியில உட்காராதே" என்று அவர் அதட்டியிருக்கிறார். அவருக்குப் பைத்தியமா என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டீர்கள். உடம்பு சரியில்லை என்று மட்டும் அன்றைக்குச் சொன்னேன். நீங்கள் சின்னப் பிள்ளைகள். இப்போது வளர்ந்துவிட்டீர்கள். நான் பத்தாவதோடு நின்றவன், எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

அவருக்கு வலை, கயிறு, மிதவை விற்கிற கடை. கிளிஞ்சல்மேட்டுப் படகுக்காரர்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். அந்தக் கடையில் பெஞ்சு கிடையாது. ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிப் போட்ட ஸ்டூல்கள்தான். ஒருநாள் நான் கேட்டேன்:

"ஏண்ணே, ஒரு பெஞ்சு வாங்கிப் போடக்கூடாதா? நாலு பேரு சேர்ந்து உட்காரலாமே."

"அதுக்குத்தான் போடல. பெஞ்சு போட்டா யாரு யாரு பக்கத்துல உட்காருவான்னு நம்ம கையில இல்ல. ஸ்டூலுன்னா நாமளே நகட்டிக்கலாம்."

ஒரே படகில் பங்குள்ள இருவர் ஒரே நேரத்தில் கடைக்கு வந்தால், ஒருவரைக் கயிறு பார்க்கப் பின்பக்கம் அனுப்பிவிட்டு மற்றவருக்கு டீ சொல்வார். இருவரும் நண்பர்கள்தான். ஆனால் மீன்பாடு குறைந்த நாட்களில் அந்த நண்பர்களைச் சேர்த்து உட்காரவைக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும்.

கடை அவருக்குப் பிழைப்பு. அவருடைய உண்மையான வேலை கல்யாண வீட்டில்தான். காரைக்கால் முஸ்லிம் வீட்டுக் கல்யாணத்தில் சஹன் சாப்பாடு உண்டு. பெரிய வட்டத் தட்டில் நெய்ச்சோறும் கறியும் வைத்து, ஒரு தட்டைச் சுற்றி நாலு பேர் விரிப்பில் உட்கார்ந்து, ஒரே தட்டிலிருந்து சாப்பிடுவார்கள். இலைச் சாப்பாட்டில் பக்கத்து ஆளைப் பார்க்காமலேயே சாப்பிட்டு எழுந்துவிடலாம். சஹனில் முடியாது. எதிரில் இருக்கிறவன் முகம் தெரியும். அவன் கை நம் பக்கம் வரும். கறித்துண்டை யார் யாருக்குத் தள்ளுகிறார் என்பது தெரியும். பிடிக்காதவனோடு ஒரு சஹனில் உட்கார்ந்தால் சோறு உள்ளே போகாது. அதனால் யாரை யாரோடு உட்காரவைப்பது என்பதற்காகவே அவரைக் கூப்பிடுவார்கள். வெள்ளைக் கைலியும் முழுக்கைச் சட்டையுமாக வாசலில் நிற்பார். வருகிறவர் தோளில் கை போட்டுப் பேசிக்கொண்டே போய், ஒரு தட்டுப் பக்கம் விட்டுவிட்டு வருவார். வந்தவருக்குத் தான் இடம் மாற்றப்பட்டது தெரியவே தெரியாது.

பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இரண்டு பேரை ஒருமுறை ஒரே சஹனில் உட்காரவைத்துவிட்டார். எனக்கே திக்கென்றது. ஆனால் நடுவில் காது கேட்காத ஒரு பெரியவரையும், சவுதியிலிருந்து அன்று காலையில்தான் வந்து இறங்கிய ஒரு பையனையும் போட்டிருந்தார். பெரியவர் எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்டார். பையன் சாப்பிட்ட வேகத்தில் மற்றவர்களுக்குப் பேச நேரமில்லை. அண்ணனும் தம்பியும் வயிறார எழுந்தார்கள். யாரோ வந்து, சமாதானம் பண்ணிவைத்துவிட்டீர்களே என்று கையைப் பிடித்தார்கள்.

"சமாதானமெல்லாம் யாரு பண்ணா? சோறு வீணாப் போகக்கூடாது, அவ்வளவுதான்" என்றார்.

அவருக்கு உடம்பு முடியாமல் போனது அப்படி ஒரு கல்யாண வீட்டில்தான் முதலில் தெரிந்தது. அதற்கு முன்பே சில அடையாளங்கள் இருந்தன என்று அவர் மனைவி பிறகு சொன்னார். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கடைக்குப் போகிற வழியில் குழம்பி நிற்பது, கேட்டதையே கேட்பது, தூக்கத்தில் கை காலை உதறிச் சண்டை போடுவது. வயதாகிவிட்டது என்று இருந்துவிட்டார்கள்.

அன்று கல்யாண வீட்டில் சாப்பாடு பாதியில் சமையல் பண்டாரி கரண்டியோடு வெளியே வந்தார். "தட்டு பத்தல. வந்த ஆளுக்கு மேல தட்டு போயிருக்கு. என்ன கணக்கு இது?" என்று சத்தம் போட்டார். போய்ப் பார்த்தால் பாதிச் சஹன்களில் மூன்று பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஓர் இடம் காலி.

"ஏன் மாமா, இங்க ஒருத்தரை உட்காரவைக்கலாமே?" என்றான் கல்யாண வீட்டுப் பையன்.

"உட்கார்ந்திருக்காரே. வெள்ளச் சட்டை. கண்ணு தெரியலையா உனக்கு?"

சிலர் சிரித்தார்கள். சிலர் காலி இடத்தைப் பார்த்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்கள். அவர் நிதானமாக அடுத்த தட்டுக்குப் போய், அங்கேயும் ஓர் இடம் விட்டு மூன்று பேரை உட்காரவைத்தார். அவருக்கு அந்த மனிதர்கள் தெரிந்தார்கள். சும்மா சொல்லவில்லை. நாம் ஒருவரைப் பார்ப்பதுபோல அவ்வளவு தெளிவாகப் பார்த்தார்.

அதற்குப் பிறகு யாரும் அவரைப் பந்திக்குக் கூப்பிடவில்லை.

ஜின் பிடித்திருக்கிறது என்று ஓதிப் பார்த்தார்கள். பிறகு ஒரு கிளினிக்கில் மறதி நோய் என்றார்கள். மறதிக்கு ஒரு மாத்திரை, இல்லாத ஆட்களைப் பார்ப்பதற்கு ஒரு மாத்திரை. இரண்டாவது மாத்திரையைப் போட்ட சில நாட்களில் அவர் மரம் மாதிரி ஆகிவிட்டார். கை மடங்கவில்லை. முகத்தில் ஓர் அசைவில்லை. எச்சில் வழிந்தது. வந்துபோன ஆட்களை மறந்துவிட்டார், உண்மைதான். சோறு மெல்வதையும் மறந்துவிட்டார். அக்காதான் பிடிவாதமாக, "இது அந்த நோயில்லை தம்பி, இது மாத்திரை. வண்டியை எடு" என்றார்.

தூரத்தில் இருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பின் சீட்டில் அவரைச் சாய்த்து, தலை ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் தலையணை வைத்து, வழியெல்லாம் அக்கா அவர் தாடையைக் கையில் தாங்கியபடி வந்தார். போன களைப்பு எனக்கு ஒரு வாரம் இருந்தது. அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அங்கே ஒரு பெண் டாக்டர். அவசரப்படாமல் எல்லாவற்றையும் கேட்டார். தூக்கத்தில் கை உதறுவதைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். இல்லாத ஆட்கள் பேசாமல் சும்மா உட்கார்ந்திருப்பார்களா என்று கேட்டார். காலையில் தெளிவு, மத்தியானம் குழப்பம் என்று மாறி மாறி வருமா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் அக்கா ஆமாம் என்றார். நானும் உள்ளே நின்றேன். டாக்டர் சொன்னதை என்னால் முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

"நம்ம எல்லார் மூளையிலயும் புரதம் இருக்கும்மா. ஒழுங்கா மடிஞ்சிருந்தா அது பாட்டுக்கு அதோட வேலையைப் பார்க்கும். தப்பா மடிஞ்சுட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுத் திரண்டுடும். அதோட விடாது. பக்கத்துல நல்லா இருக்கறதையும் தன்னை மாதிரியே மடிச்சுடும்."

வலைக் கடைக்காரர் மனைவிக்கு இது உடனே புரிந்தது. "சிக்கு விழுந்த வலை மாதிரி" என்றார்.

"அப்படித்தான். அதுல ஒரே வகை இல்ல. அமிலாய்டுன்னு ஒண்ணு, செல்லுக்கு வெளியில படியும். டவ்னு ஒண்ணு, செல்லுக்கு உள்ள முறுக்கிக்கும். இந்த ரெண்டும் சேர்ந்ததுதான் அல்சைமர்னு சொல்ற மறதி நோய். இவருக்கு அது இருக்கு. ஆனா சைனூக்ளீன்னு மூணாவதா ஒண்ணும் இருக்குன்னு நினைக்கிறேன். அதுதான் இல்லாத ஆளைக் காட்டறது, உடம்பை இறுக்கறது, நேரத்துக்கு ஒரு மாதிரி ஆக்கறது."

"மூணு வியாதியா டாக்டர்? ஒருத்தருக்கே?"

"வயசானவங்க பல பேருக்கு இப்படிச் சேர்ந்துதான் வருது. தனியா இருந்தா அதுல ஒண்ணு ரொம்ப காலம் சும்மாவே கிடக்கும். அமிலாய்டு படிஞ்சும் கடைசி வரைக்கும் நல்லா இருந்தவங்க உண்டு. ஆனா அது இருக்கற மூளையில டவ் வேகமாப் பரவுது. சைனூக்ளீனும் அதுங்களோட சேர்ந்துட்டா சீக்கிரமா முத்துது. ஒண்ணை ஒண்ணு தூண்டி விடுதுங்க."

"யாரு முதல்ல ஆரம்பிச்சது?"

"அதுலதாம்மா எங்களுக்குள்ளயே இன்னும் சண்டை. முழுசாத் தெரியல. மூளையைத் திறந்து பார்க்காம உறுதியா சொல்லவும் முடியாது. அடையாளத்தை வச்சுத்தான் சொல்றேன்."

அக்கா சிரித்தார். அழுகை வருவதற்குப் பதிலாகச் சிரிப்பு வந்ததுபோல இருந்தது. "பக்கத்துல உட்கார்ந்த குத்தம்னு இவரு சொல்லிக்கிட்டே இருப்பாரு" என்றார். டாக்டருக்கு அது விளங்கவில்லை. விளக்கிச் சொல்ல அக்காவுக்குத் தெம்பில்லை.

பிறகு டாக்டர் மாத்திரையைப் பற்றிச் சொன்னார். இல்லாத ஆட்கள் தெரியாமல் இருக்கக் கொடுக்கிற அந்த மாத்திரை மற்ற நோயாளிகள் சிலரை அமைதிப்படுத்தும். சைனூக்ளீன் உள்ளே இருக்கிறவருக்குக் கொடுத்தால் உடம்பைக் கட்டிப்போட்டுவிடும். சிலருக்கு உயிருக்கே ஆபத்து. "இனிமே இது வேணாம். யாரு சொன்னாலும் வேணாம். ஆளுங்க தெரிஞ்சா தெரியட்டும். அவங்க இவரைப் பயமுறுத்தலையே?"

"இல்ல டாக்டர். சாப்பிடத்தான் வர்றாங்க."

மாத்திரையை நிறுத்திய பிறகு மெல்ல மெல்ல நடக்க ஆரம்பித்தார். ஆட்களும் திரும்பி வந்துவிட்டார்கள். அக்கா அவர்களோடு வாழக் கற்றுக்கொண்டார். யாரும் இல்லை என்று வாதாட மாட்டார். "அவங்களுக்குச் சோறு போட்டாச்சுங்க, நீங்க சாப்பிடுங்க" என்பார். "கறி வச்சியா?" "வச்சேன்." "அந்த உயரமான ஆளு யாரோடயும் ஒத்துப்போக மாட்டான், தனியா உட்காரவை." "சரிங்க." ஒரு நாளைக்கு எத்தனை தடவை இப்படி. அக்கா சலித்துப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் சில நாள் மாலையில் வாசல் படியில் உட்கார்ந்து, கையிலிருக்கிற டீயைக் குடிக்கவும் மறந்து, தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்படி இருக்கும்போதுதான் அவருடைய மகளுக்கு வரன் அமைந்தது.

முஸ்லிம் கல்யாணத்தில் பெண்ணின் தகப்பனார்தான் பொறுப்பாக உட்கார்ந்து, சபையில் மாப்பிள்ளையைப் பார்த்து, "என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்" என்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளை "கபூல்", ஏற்றுக்கொண்டேன் என்பார். தகப்பனாருக்குப் புத்தி தெளிவில்லை என்றால் அந்தப் பொறுப்பு பெண்ணின் அண்ணனுக்குப் போய்விடும். அண்ணன் சார்ஜாவில் இருந்தான். அவனே சொல்லிவிட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் அந்தப் பெண் ஒரே பிடியாக நின்றாள்.

"வாப்பா சொல்லித்தான் எனக்கு நிக்காஹ். அவருக்கு நான் யாருன்னு தெரியற நேரம் இன்னும் கொஞ்சம்தான் இருக்கு. அதுக்குள்ள அவரு என்னைக் குடுக்கணும்."

அக்கா அதற்காக எல்லாவற்றையும் மாற்றினார். விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்து பத்துப் பத்தரை மணி வரை அவருக்குத் தெளிவு இருக்கும். அதனால் மாலையில் வைக்க இருந்த நிக்காஹைக் காலைக்கு மாற்றச் சொல்லி மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசினார். பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற ஹஜ்ரத்தை ஒரு காலையில் வீட்டுக்கு வரவழைத்தார். ஹஜ்ரத் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார்.

"யாருக்குக் கல்யாணம்?"

"என் மகளுக்கு."

"சபையில என்ன சொல்லணும்?"

அவர் சொன்னார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, தப்பில்லாமல் சொன்னார். பிறகு, "ஹஜ்ரத், மாப்பிள்ளையோட பெரிய மாமாவையும் சின்ன மாமாவையும் ஒரே சஹன்ல போட்டுடாதீங்க" என்றார். ஹஜ்ரத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அன்னைக்கும் இப்படி இருந்தாப் போதும்மா. இவரே சொல்லட்டும்" என்றார் அக்காவிடம்.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு மகன் சார்ஜாவிலிருந்து வந்தான். வந்தவனுக்குத் தூக்கி வாரிப்போட்டது. போனில் கேட்பது வேறு, நேரில் பார்ப்பது வேறு. அவன் கெட்ட பையன் இல்லை. அந்த வீட்டின் மருந்துச் செலவு, வேன் செலவு எல்லாம் அவன் அனுப்பியதுதான். ஆனால் பயந்துவிட்டான்.

"உம்மா, மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க அத்தனை பேரு முன்னாடி இவரு யாரோ நிக்கிறான்னு ஆரம்பிச்சா? தங்கச்சி காலம் பூரா அந்தப் பேச்சைக் கேக்கணுமே."

"கேட்டா கேட்டுட்டுப் போறா. அவளுக்கே பயமில்ல, உனக்கென்ன?"

"ஒரு நாளைக்காச்சும் அமைதியா இருக்க ஏதாவது குடுத்தா என்ன?"

"அந்தப் பேச்சையே எடுக்காதே" என்றார் அக்கா.

கல்யாணத்தன்று காலை வேனைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தினேன். வெள்ளைச் சட்டை, தொப்பி போட்டு அவரை நடத்திக்கொண்டு வந்தார்கள். வேன் படியில் கால் வைக்க வேண்டும். கால் எழவில்லை. நான் முழங்காலைப் பிடித்து மடக்கப் பார்த்தேன். மடங்கவில்லை. அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

"என்ன குடுத்தே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "பாதிதான் உம்மா. பழைய அட்டை அலமாரியில இருந்துச்சு. பாதிதான் டீயில போட்டேன்."

அக்கா அடிக்கவில்லை, கத்தவில்லை. முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, "தூக்கி உள்ள வைங்க. நேரமாகுது" என்றார்.

சபையில் அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தோம். எதிரே மாப்பிள்ளை. ஹஜ்ரத் ஓதி முடித்து, குனிந்து, "சொல்லுங்க" என்றார். அவர் கண் மாப்பிள்ளை மேல் இருந்தது. இமைத்தது. வாய் திறக்கவில்லை. ஹஜ்ரத் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி கேட்டார்.  வாயோரம் எச்சில் இறங்கியது. மகன் கைக்குட்டையால் துடைத்தான். மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டு ஹஜ்ரத் நிமிர்ந்து, "பொண்ணோட அண்ணன் சொல்லட்டும்" என்றார்.

அவன் சொன்னான். ஒரே மூச்சில், சொற்கள் ஒன்றின் மேல் ஒன்று விழ, சொல்லி முடித்தான். மாப்பிள்ளை கபூல் என்றார். பேரீச்சம்பழம் கொடுத்தார்கள். எல்லாரும் எல்லாரையும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

விருந்து நடக்கும்போது அவரை என் வேனுக்குக் கொண்டுவந்து சாய்த்துவிட்டோம். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். சாப்பிடப் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் கல்யாணப் பெண் நகையும் பட்டுமாக வேன் கதவருகே வந்து நின்றாள்.  பட்டுச் சேலைத் தலைப்பால் அவர் வாயைத் துடைத்தாள். அவர் கையைத் தன் தலைமேல் எடுத்து வைத்துக்கொண்டாள். அந்தக் கையும் மடங்காமல் நீட்டியபடி இருந்தது. பிறகு போய்விட்டாள்.

அவர் பழைய நிலைக்கு வரப் பல நாட்கள் ஆயின. அக்கா ஸ்பூனால் கஞ்சி ஊட்டினார். மகன் அந்த அறைப்பக்கம் போகவே கூசினான். லீவு முடிந்து அவன் கிளம்புகிற காலையில், திருச்சி விமானத்துக்குக் கொண்டுபோய்விட நான் வந்திருந்தேன். பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தோம். அவர் சுவரைப் பிடித்தபடி, காலைத் தேய்த்துத் தேய்த்து, வாசலுக்கு வந்தார். கண்ணில் தெளிவு இருந்தது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது.

மகனைப் பார்த்து, "சபையில சரியாத்தான் சொன்னே. கொஞ்சம் நிதானமாச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

அவன் கையிலிருந்த பையைக் கீழே வைத்தான். "வாப்பா. அன்னைக்கு உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேக்காம என்ன? நாக்குதான் எந்திரிக்கல."

சொல்லிவிட்டு அக்கா தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று நான் வண்டியை எடுத்தேன். மகன் முன் சீட்டில் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திருநள்ளாறு தாண்டுவதற்குள் என் கையைப் பிடித்தான்.

"அண்ணே, வண்டியைத் திருப்புங்க. நான் அவரிட்ட ஒண்ணு சொல்லணும்."

"தம்பி, பிளைட்டு போயிடும்."

"போகட்டும்ணே."

திருப்பினேன். வீட்டுக்குத் திரும்பியபோது வெயில் ஏறியிருந்தது. அவர் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அக்கா, கையில் கஞ்சிக் கிண்ணம். மகன் போய் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தான். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அவருடைய தெளிவு நேரம் கடந்துவிட்டது என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"தரையில உட்காராதீங்க. எங்கேர்ந்து வர்றீங்க?" என்றார்.

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மகன் வேண்டாம் என்று தலையசைத்தான்.

"சார்ஜாலேர்ந்துங்க."

"அப்படியா? என் மகனும் அங்கதான் இருக்கான். நீங்க பார்த்தா அவன்ட்ட சொல்லுங்க. தங்கச்சி கல்யாணத்துல எனக்கு முடியாமப் போச்சு. அவன்தான் என் இடத்துல இருந்து முடிச்சுக் குடுத்தான். ஏதோ மனசுல வச்சுக்கிட்டு என் ரூம் பக்கமே வர மாட்டேங்கறான். எனக்கு ஒண்ணும் வருத்தமில்லன்னு சொல்லுங்க."

 மகன் தலை நிமிராமல், "பார்த்தா சொல்றேங்க" என்றான்.